ஏடும் உடலும்: பல்கலைக்கழக நாடகக் கல்வியின் வரலாறு – சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

முத்தமிழுள் ஒன்றாக எண்ணப்பட்ட நாடகத்தைத் தமிழ்நாட்டின் உயர்கல்வி நெடுங்காலம் படிக்கத்தக்க பனுவலாகவே கொண்டிருந்தது. நடிப்பு ஒரு பயிற்சியாகப் பல்கலைக்கழகத்திற்குள் இடம்பெற்றது 1980களில்தான். அதற்கு முன்னர் நடிப்புக் கல்வியை வழங்கியவை நாடகக் கம்பெனிகள். இவ்விரு போக்குகளின் அடையாளமாக இரண்டு பெயர்கள் இன்று நிலைத்துள்ளன. ஒன்று, திருநெல்வேலியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். மற்றொன்று, புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி. இவ்விரு பெயர்களும் குறிக்கும் நாடகக் கருத்துகள் எவ்வாறு தனித்தனியே வளர்ந்தன, எங்கே சந்தித்தன, சங்கரன்கோவில் போன்ற ஊரிலிருந்து நாடகம் கற்க விழையும் மாணவருக்கு அவற்றின் பிரிவு எதனை இழப்பாக்கியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாடகக் கல்வி, மனோன்மணீயம், சங்கரதாஸ் சுவாமிகள், ஸ்பெஷல் நாடகம், காந்திகிராமப் பட்டறை, சே. இராமானுஜம், சங்கரன்கோவில்.

1. முன்னுரை

தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் அறியப்படும் ஊர். அரியும் அரனும் ஒன்றென்பதைக் காண விழைந்து கோமதி அம்மன் தவமிருந்த கதையே அத்திருவிழாவின் பொருள். அம்மன் தபசு மண்டபத்திற்கு எழுந்தருளுதல், காத்திருத்தல், மாலையில் இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தல் என அக்கதை ஊரின் வீதிகளில் ஆண்டுதோறும் நிகழ்த்தப்படுகிறது. சுற்றுவட்டாரத்து உழவர்கள் தம் விளைபொருள்களைச் சூறையிட்டு அந்நிகழ்வில் பங்கேற்கின்றனர். வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கோயில் கொடைகளில் நிகழும் நிலப்பரப்பு இது. இன்றைய தென்காசி மாவட்டத்திற்குள் அடங்கும் செங்கோட்டையில்தான் இசைநாடக மேடையின் பெரும்புகழ் நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்தார்.

நிகழ்த்துகலை இவ்வளவு நெருக்கமாக உள்ள ஊரில் பள்ளிக்கல்வி பெற்ற இக்கட்டுரையாளர், நாடகம் என்பதைக் கல்வியாகச் சந்தித்தது இளங்கலைத் தமிழ் வகுப்பில்தான். மனோன்மணீயம் பாடமாக இருந்தது. குடிலனின் சூழ்ச்சித் திறத்தை விளக்குக என்ற வினாவிற்கு நாங்கள் பக்கம் பக்கமாக விடை எழுதினோம். குடிலனாக எழுந்து நின்று ஒருவரும் பேசியதில்லை. பேசுமாறு எவரும் எங்களைக் கேட்டதுமில்லை. அதே ஆண்டில் அருகிலுள்ள கிராமத்துக் கொடை ஒன்றில் வள்ளி திருமணம் நாடகம் பார்க்க நேர்ந்தது. வெளியூரிலிருந்து பேருந்தில் வந்திறங்கிய ராஜபார்ட் நடிகர், ஆர்மோனியக்காரரிடம் சுருதியை மட்டும் பேசிக்கொண்டு அரிதாரம் பூசி மேடையேறினார். விடியும்வரை பாடினார், தர்க்கம் செய்தார். அவர் இதை எங்கே கற்றார் என்ற கேள்வியும், நாங்கள் ஏன் இதைக் கற்கவில்லை என்ற கேள்வியும் அன்று ஒருங்கே எழுந்தன. இக்கட்டுரை அவ்விரு கேள்விகளுக்கும் வரலாற்றில் விடை தேடுகிறது.

2. பயிற்சி பற்றிய பழஞ்சான்று

நிகழ்த்துகலைப் பயிற்சியை முறைப்படுத்திய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒரு பாடத்திட்டம் போலவே அமைந்துள்ளது. மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் கற்றுப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவளுக்குக் கற்பித்த ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் ஆகியவற்றின் ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் இருக்கவேண்டிய தகுதிகள் தனித்தனியே கூறப்படுகின்றன. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளவும் தரப்படுகிறது.

இதில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. பயிற்சிக்கு நீண்ட காலம் ஒதுக்கப்படுகிறது. ஒரே மாணவருக்குப் பல துறை ஆசிரியர்கள் ஒருங்கே கற்பிக்கின்றனர். பயிற்சியின் முடிவில் அவையோர்முன் அரங்கேற்றம் நிகழ்கிறது. காலம், ஆசிரியர் குழு, பார்வையாளர் என்னும் இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு பிற்கால நாடகக் கல்வியை மதிப்பிட முடியும். அதே காதை, இக்கல்வி கணிகையர் குலத்துப் பெண்ணுக்கு உரியதாக வரையறுக்கப்பட்டிருந்ததையும் காட்டுகிறது. கலைப் பயிற்சி பிறப்போடு பிணைக்கப்பட்ட இந்நிலை, நவீனக் கல்வி நடிப்பை ஏற்கத் தயங்கியதன் வேர்களுள் ஒன்று.

3. ஏடாகிய நாடகம்

தமிழில் உயர்கல்வியோடு நாடகம் உறவு கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். லிட்டன் பிரபு எழுதிய கதைப்பாடல் ஒன்றைத் தழுவி, ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்டதாக அவர் அதனை யாத்தார். மதுரையை ஆண்ட சீவகவழுதி, அமைச்சன் குடிலனின் சொல்லை நம்பி நெல்லையில் கோட்டை கட்டிக் குடியேறுவதே கதையின் தொடக்கம். ஆகவே, தமிழின் முதல் பெரிய செய்யுள் நாடகம் திருநெல்வேலியையே தன் களமாகக் கொண்டுள்ளது.

ஆங்கில இலக்கியத்தில் சேக்சுபியர் பெற்றிருந்த இடத்தைத் தமிழில் நிரப்பும் வேட்கை அக்காலக் கல்லூரி ஆசிரியர்களிடம் இருந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய பரிதிமாற்கலைஞர் (1870–1903) ரூபாவதி, கலாவதி முதலிய நாடகங்களை எழுதியதோடு, 1897இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலையும் இயற்றினார். விபுலாநந்த அடிகள் சேக்சுபியரின் நாடகங்களையும் தமிழ் நாடக மரபையும் இணைத்து ஆராய்ந்த மதங்க சூளாமணி 1926இல் வெளிவந்தது. பின்னாளில் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இம்மூவரும் நாடகத்திற்குக் கல்வியுலகில் மதிப்புத் தேடித் தந்தனர். ஆனால் அம்மதிப்பு எழுத்தின் வழியே வந்தது. அகவலில் அமைந்த மனோன்மணீயம் படிப்பதற்குரிய நாடகம் என்றே பெரிதும் கருதப்பட்டது. மாடர்ன் தியேட்டர்ஸ் 1942இல் மனோன்மணி என்னும் திரைப்படமாக அதனை எடுத்தபோதுதான் அக்கதை பெருந்திரளான பார்வையாளரைச் சென்றடைந்தது. நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கப் பகுதி 1970இல் தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டது. ஒரு நாடகத்தின் பகுதியை ஒவ்வொரு நாளும் பள்ளிகளில் பாடுகிறோம். அது நாடகம் என்ற நினைவு பாடுவோரில் மிகச் சிலருக்கே இருக்கக்கூடும்.

1990இல் திருநெல்வேலியில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் அந்நாடகத்தோடு அறியப்பட்ட அவர் பெயரையே தாங்கியது. சங்கரன்கோவில் வட்டாரக் கல்லூரிகளின் மாணவர் பட்டச் சான்றிதழிலும் அந்நாடகத்தின் பெயரே முதலில் உள்ளது.

4. கம்பெனி என்னும் கல்விக்கூடம்

மனோன்மணீயம் வெளிவந்த காலத்தில், அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த மற்றொருவர் மேடையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். நடிகராகத் தொடங்கிப் பின்னர் ஆசிரியராக நிலைபெற்ற அவர், வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் உள்ளிட்ட பல நாடகங்களை ஆக்கினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நடத்தினார்.

இவற்றுள் பின்னது சிறுவர்களைக் கொண்ட கம்பெனி. நடிகரான டி.எஸ். கண்ணுசாமிப் பிள்ளை தம் பிள்ளைகளுடன் 1918இல் இதில் சேர்ந்தார். அப்பிள்ளைகளே பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றனர். அவர்களுள் ஒருவரான தி.க. சண்முகம் (1912–1973) எழுதிய எனது நாடக வாழ்க்கை, கம்பெனியின் அகவாழ்வை அறிய உதவும் முதன்மைச் சான்றாகும். சிறுவனாக இருந்த தமக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர் பதிவு செய்துள்ளார். ஒரு மாணவனின் குரலையும் நினைவாற்றலையும் அறிந்த ஆசிரியர், அவனுக்கேற்பப் பாடத்தை உருவாக்கிய நிகழ்ச்சி இது.

கம்பெனிப் பயிற்சியை மேற்கண்ட மூன்று அளவுகோல்களால் நோக்கினால் அதன் வலிமை புலப்படும். சிறுவர்கள் பல்லாண்டுகள் அங்கேயே உண்டு உறங்கிக் கற்றனர். பாட்டு, வசனம், தாளம், நடை ஆகியவை பிரிக்கப்படாமல் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. கற்றதை இரவுதோறும் கட்டணம் செலுத்திய பார்வையாளர்முன் நிகழ்த்திக் காட்ட வேண்டியிருந்தது. எம்.ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன், எம்.ஆர். இராதா ஆகியோர் இத்தகைய கம்பெனிகளில் உருவானவர்களே.

ஆயினும் இவ்வமைப்பைக் குருகுலம் என்று போற்றி நிறுத்திவிடுதல் வரலாறாகாது. ஏழெட்டு வயதில் வறுமையின் பொருட்டுச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பொதுக்கல்வியை இழந்தனர். அடியும் பசியும் பயிற்சியின் பகுதிகளாக இருந்தன. சிறுவர் கம்பெனிகளில் பெண் வேடத்தையும் ஆண் பிள்ளைகளே ஏற்றதால் பெண்களுக்கு அங்கு இடமில்லை. பருவமாற்றத்தில் குரல் உடையும் மகரக்கட்டு நேர்ந்தபோது, அதுவரை முன்னணியில் இருந்த சிறுவன் ஒரே பருவத்தில் பின்னுக்குத் தள்ளப்படுவான். உடலை மட்டுமே முதலாகக் கொண்ட கல்வியின் இடர் அது.

கம்பெனிகள் நலிந்த பின்னரும் அவற்றின் நாடகங்கள் ஸ்பெஷல் நாடகமாகத் தொடர்கின்றன. நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தமாகி, ஒத்திகையின்றி அன்றிரவே கூடி நடிப்பது இதன் இயல்பு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரும் தம் பங்கை முன்கூட்டியே முழுமையாகக் கற்றிருப்பதாலேயே இது இயல்கிறது. சங்கரதாசரின் பாடல்களும் உரையாடல்களும் அனைவருக்கும் பொதுவான பாடநூலாக நின்று, முன்பின் அறியாதோரையும் ஒரே மேடையில் இணைக்கின்றன. கொடையில் கண்ட அந்த ராஜபார்ட் எங்கே கற்றார் என்ற முதற்கேள்விக்கு விடை இதுவே. அவர் கற்ற கல்விக்குப் பட்டம் இல்லை; பாடத்திட்டம் மட்டும் உண்டு.

5. இடையில் நின்ற சுவர்

ஏட்டு நாடகமும் மேடை நாடகமும் சமகாலத்தில், ஏறத்தாழ ஒரே வட்டாரத்தோடு தொடர்பு கொண்டு வளர்ந்தும் கல்விக்கூடத்தில் சந்திக்காதது ஏன்? கூத்தாடி என்ற சொல் வசையாக வழங்கிய சமூகச் சூழலே முதற்காரணம். நடிப்பைத் தொழிலாகக் கொண்டோர், குறிப்பாகப் பெண்கள், ஒழுக்கக் குறைவுடையோராகக் கருதப்பட்டனர். மதுரை ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூலின் மையப்பொருளே இக்களங்கமும், அதனோடு நடிகையர் நாள்தோறும் நடத்தும் போராட்டமும்தாம்.

இச்சுவரைக் கடக்க முயன்றவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). 1891இல் சென்னையில் தொடங்கப்பட்ட சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் நடித்தனர். பின்னர் நீதிபதியாகப் பணியாற்றிய அவரே மேடையேறியது நடிப்பின் மதிப்பை உயர்த்தியது. நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி என்பதைத் தனி நூலாகவும் அவர் எழுதினார். எனினும், சபையின் உறுப்பினர்கள் பொழுதுபோக்குக் கலைஞர்களாக இருந்ததே அம்மதிப்பிற்கு அடிப்படை. தொழில்முறை நடிகர் மீதான இழிவு அதனால் நீங்கவில்லை. கல்லூரி ஆண்டு விழாக்களில் மாணவர் நாடகம் போடலாம், அதைப் பட்டப்படிப்பாகக் கற்கலாகாது என்னும் நிலைக்கு இச்சபை மரபே முன்மாதிரியாயிற்று.

6. பட்டறையிலிருந்து துறைக்கு

நடிப்பைப் பல்கலைக்கழகப் பாடமாக்குவது உலகிலும் இருபதாம் நூற்றாண்டின் நிகழ்வே. அமெரிக்காவின் கார்னகி தொழில்நுட்பக் கழகம் 1914இல் நாடகத்தில் பட்டம் வழங்கும் படிப்பைத் தொடங்கியது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 1940களின் பிற்பகுதியில்தான் நாடகத்துறையை நிறுவியது. இந்தியாவில் தேசிய நாடகப் பள்ளி 1959இல் தோன்றியது. அண்டையிலுள்ள கேரளத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1977இல் திருச்சூரில் நாடகப் பள்ளியைத் தொடங்கியது. மலையாள நாடக ஆசிரியர் ஜி. சங்கரப்பிள்ளை அதற்குத் தலைமையேற்றார்.

அதே 1977ஆம் ஆண்டு தமிழ்நாட்டிற்கும் திருப்புமுனையாக அமைந்தது. தேசிய நாடகப் பள்ளி காந்திகிராமத்தில் 70 நாள் நாடகப் பட்டறையை நடத்தியது. அதன் பின்னணியில் இருந்தவர் நாங்குநேரியைச் சேர்ந்த சே. இராமானுஜம் (1935–2016). தில்லியில் இப்ராகிம் அல்காசியிடம் பயின்ற அவர் காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தவர். பட்டறையில் பயின்ற மு. இராமசாமி 1978இல் மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை 1977இலும், ஞாநியின் பரீக்ஷா 1978இலும் தோன்றின. 1980இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை வீதி நாடகத்திற்கு வித்திட்டது.

பட்டறை என்பது கம்பெனிக்கும் வகுப்பறைக்கும் இடைப்பட்ட வடிவம். கம்பெனியைப் போல அங்கு உடலும் குரலும் பயிற்சி பெறுகின்றன. வகுப்பறையைப் போல ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற கேள்வியும் கேட்கப்படுகிறது. பயில்வோர் தாமே விரும்பி வந்த வயதுவந்தோர். கம்பெனியிலிருந்து பட்டறை கொண்ட முதன்மையான வேறுபாடு இவ்விருப்பமே.

பட்டறையின் முறை பல்கலைக்கழகத்திற்குள் நிலைபெற இரண்டு நிறுவனங்கள் துணைசெய்தன. முதலாவது, 1981இல் தஞ்சாவூரில் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறை. திருச்சூர் நாடகப் பள்ளியில் பணியாற்றிய இராமானுஜம் பின்னர் இங்கு வந்தார். மு. இராமசாமியும் இத்துறையில் ஆசிரியரானார். தோற்பாவை நிழற்கூத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் அவர். இராமானுஜம் இயக்கிய வெறியாட்டம், யூரிபிடிசின் கிரேக்க நாடகமாகிய டிராய் நகரப் பெண்களின் துயரத்தை ஒப்பாரியின் மொழியில் நிகழ்த்தியது. சாவு வீட்டில் பெண்கள் பாடும் பாடல் ஒரு பல்கலைக்கழக ஆசிரியரின் அரங்கில் அவலச்சுவையின் இலக்கணமாக உயர்ந்தது.

இரண்டாவது, 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தில் அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள் பள்ளி. சுவாமிகள் 1922இல் மறைந்ததும் அடக்கமானதும் புதுவையிலேயே. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவரும் மழை, ஒளரங்கசீப் முதலிய நாடகங்களை எழுதியவருமான இந்திரா பார்த்தசாரதி இப்பள்ளிக்குத் தலைமையேற்று அதனை உருவாக்கினார். கம்பெனி வாத்தியார் ஒருவரின் பெயரைத் தாங்கிய பள்ளியை எழுத்தாளர் ஒருவர் வழிநடத்தியதில் ஏட்டு மரபும் மேடை மரபும் முதன்முறையாக ஒரு கூரையின் கீழ் வந்தன. பின்னர் அங்கு பொறுப்பேற்ற கே.ஏ. குணசேகரன் (1955–2016) நாட்டுப்புறப் பாடகராக அறியப்பட்டவர். வடு என்னும் தன்வரலாற்றில் சாதி இழிவை எழுதிய அவர், பலி ஆடுகள் நாடகத்தின் வழி தலித் அரங்கிற்குக் கல்விப்புலத்தில் இடம் உண்டாக்கினார். கூத்தாடி என்ற வசையை எதிர்கொண்ட மக்களின் கலையும் குரலும் பேராசிரியர் இருக்கையை அடைந்தது, பல்கலைக்கழக நாடகக் கல்வியின் குறைத்து மதிப்பிடலாகாத பயன்.

7. ஊருக்குத் திரும்பிய அறிவு

பல்கலைக்கழகப் பயிற்சி தென்தமிழ்நாட்டின் மரபோடு நேரடியாக உறவாடியதற்குத் திருக்குறுங்குடி கைசிக நாடகம் சிறந்த எடுத்துக்காட்டு. நம்பியைப் பாடும் நம்பாடுவான் என்னும் பாணர் குல அடியாரின் கதையைக் கூறும் இந்நாடகம், கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசி இரவில் கோயிலில் நிகழ்த்தப்படுவது. தேவதாசி மரபினர் நிகழ்த்திவந்த இது நலிவுற்றிருந்த நிலையில், 1990களின் இறுதியில் இராமானுஜம், நடனக் கலைஞர் அனிதா ரத்னம் ஆகியோரின் முயற்சியால் மீட்டுருவாக்கம் பெற்றது. மரபை அறிந்த முதியோரின் நினைவு, சுவடி, இசை, அரங்கப் பயிற்சி ஆகியவை இதில் ஒன்றிணைந்தன.

ஏட்டறிவு மட்டும் உடையவர் சுவடியைப் பதிப்பித்திருப்பார். மேடையறிவு மட்டும் உடையவர் நினைவிலுள்ளதை நடித்திருப்பார். நிகழ்த்து மரபின் அறுந்த இழையை முடிய இரண்டும் கற்ற ஒருவர் தேவைப்பட்டார். பல்கலைக்கழக நாடகக் கல்வியால் ஊருக்கு என்ன பயன் என்று வினவுவோர்க்கு இதனையே விடையாகத் தரலாம்.

ஆனால் இத்தகைய முயற்சிகள் எல்லா வடிவங்களுக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. நவீன நாடகக்காரர்கள் தம் வேரைத் தேடியபோது பெரும்பாலும் வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தையே நோக்கினர். பார்சி நாடகத்தின் திரைச்சீலையையும் ஆர்மோனியத்தையும் ஏற்றிருந்த இசைநாடகம், கலப்பு வடிவம் என்ற எண்ணத்தால் ஒதுக்கப்பட்டது எனக் கருத இடமுண்டு. சங்கரதாசரின் பெயர் பள்ளியின் முகப்பில் பொறிக்கப்பட்ட அளவிற்கு அவருடைய பயிற்சிமுறை பாடத்திட்டங்களில் ஆராயப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

8. ஈழத்து ஒப்பீடு

இதே காலப்பகுதியில் ஈழத்தில் நாடகக் கல்வி வேறொரு பாதையில் சென்றது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இலங்கைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு பேச்சுத்தமிழ் நாடகங்களை அரங்கேற்றினார். 1960களில் பேராதனையில் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்து மரபில் கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மாணவர்களைக் கொண்டு தயாரித்தார். ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் மாணவர்க்கு ஆட்டம் பழக்கினர். இராவணேசனில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் நாடகப் பேராசிரியராக விளங்கினார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார்.

ஈழத்து அனுபவம் இரு செய்திகளை உணர்த்துகிறது. ஒன்று, பட்டம் பெறாத அண்ணாவி பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக ஏற்கப்பட்டார். மற்றொன்று, நாடகமும் அரங்கியலும் என்பது அங்கு க.பொ.த. உயர்தரத் தேர்வுப் பாடமாக அமைந்தது. பள்ளியில் பாடம் இருப்பதால் ஆசிரியர் தேவைப்படுகின்றனர். ஆசிரியர் தேவைப்படுவதால் நாடகப் பட்டத்திற்குப் பணிவாய்ப்பு உண்டாகிறது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் நாடகம் தனிப்பாடமாக இல்லாமையால் இச்சங்கிலி தொடக்கத்திலேயே அறுபட்டுள்ளது. நாடக முதுகலை பெற்றவர் திரைத்துறையையோ தற்காலிகப் பயிற்சி வகுப்புகளையோ நாடவேண்டியவராகிறார்.

9. சங்கரன்கோவிலிலிருந்து நோக்குகையில்

விசைத்தறியும் வேளாண்மையும் வாழ்வாதாரமான ஓர் ஊரில், மகனோ மகளோ நாடகம் படிக்க விரும்புவதாகக் கூறினால் பெற்றோர் முதலில் கேட்பது, அதைப் படித்து என்ன செய்வாய் என்பதே. அக்கேள்வியில் கலை மீதான வெறுப்பைக் காண்பது பிழை. விடியும்வரை பாடிய ராஜபார்ட்டின் முதுமையை அவர்கள் கண்டிருக்கிறார்கள். மூன்றாண்டு இளங்கலைக்குப் பின் தஞ்சாவூருக்கோ புதுவைக்கோ அனுப்பி மேலும் ஈராண்டு காத்திருக்க இயலாத குடும்பங்களே இங்கு மிகுதி.

எனவே, நாடகக் கல்வி தொலைவிலுள்ள துறைகளில் மட்டும் வாழ்வது போதாது. ஊரிலேயே நடக்கும் இளங்கலை வகுப்பிற்குள் அது வருவதற்கு மூன்று வழிகளை இக்கட்டுரை முன்மொழிகிறது. முதலாவது, தமிழ் இளங்கலையின் நாடகத் தாளில் ஒரு களத்தையேனும் நிகழ்த்திக் காட்டுவதற்கு மதிப்பெண் ஒதுக்குதல். நெல்லைக் கோட்டையைப் பற்றிக் குடிலன் பேசும் பகுதியை வாய்விட்டுப் பேசும் மாணவருக்கு, அகவலின் ஓசை எங்கே மூச்சைக் கேட்கிறது என்பது விரிவுரையின்றியே விளங்கும். இரண்டாவது, ஸ்பெஷல் நாடகக் கலைஞர், வில்லிசைப் புலவர், கணியான் கூத்து அண்ணாவி ஆகியோரைப் பருவத்திற்கு ஒருமுறையேனும் ஊதியத்துடன் வருகைதரு ஆசிரியராக்குதல். பேராதனையில் அறுபதாண்டுகளுக்கு முன் இது நடந்தேறியது. மூன்றாவது, இசைநாடகக் கலைஞர்களின் பயிற்சிமுறையை, அதாவது அவர்கள் எந்த வரிசையில் பாடல் கற்றனர், தர்க்கத்தை எவ்வாறு நீட்டவும் குறுக்கவும் பழகினர் என்பவற்றை, அவர்கள் வாழும்போதே பதிவு செய்தல். நாடகப் பிரதிகள் அச்சில் கிடைக்கின்றன. கற்பித்த முறை கலைஞர்களின் நினைவில் மட்டுமே உள்ளது.

10. முடிவுரை

தமிழ்நாட்டில் பல்கலைக்கழக நாடகக் கல்வி மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. 1891 முதல் நாடகம் ஏடாகப் போற்றப்பட்டது. அதே காலத்தில் கம்பெனிகள் உடலையும் குரலையும் பயிற்றுவித்தன. ஆயினும் அவை கல்விக்கூடங்களாக ஏற்கப்படவில்லை. 1977க்குப் பின் பட்டறையின் வழியே பயிற்சி பல்கலைக்கழகத்தை அடைந்தது. அவ்வருகை பெண்களுக்கும், சாதியால் விலக்கப்பட்டோர்க்கும், வறுமையின் கட்டாயமின்றி விருப்பத்தால் வந்தோர்க்கும் அரங்கைத் திறந்தது. கம்பெனியால் தரமுடியாத கொடை இது. அதற்கு ஈடாகக் கம்பெனியிடமிருந்த நீண்ட பயிற்சிக் காலம், பொதுவான நாடகத் தொகுதி, நாள்தோறும் வாய்த்த பார்வையாளர் ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் பெறத் தவறியது.

அரங்கேற்று காதை காலம், ஆசிரியர் குழு, பார்வையாளர் என்னும் மூன்றையும் கேட்டது. முதலாவதைப் பள்ளிப் பாடமாக்குவதன் மூலம் நீட்டிக்கலாம். இரண்டாவதை ஊர்க் கலைஞரை அழைப்பதன் மூலம் நிறைவு செய்யலாம். மூன்றாவதைத் தேடி அலைய வேண்டியதில்லை. கொடைத் திடலில் இரவெல்லாம் விழித்திருந்து வள்ளி திருமணம் பார்க்கும் மக்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் இன்றும் இருக்கின்றனர். அவர்கள்முன் நின்று பேசப் பல்கலைக்கழக மாணவர் கற்றுக்கொள்ளும்போது சுந்தரனாரின் பெயரும் சங்கரதாசரின் பெயரும் ஒரே கல்வியின் இரு பகுதிகளாகப் பொருள்படும்.